விசிலுக்கு எழுந்திருக்காத கோழி

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான் சௌக்கியம், அம்மா போன மாதத்தைவிடச் சௌக்கியம், கோழிகள் எங்கள் இருவரையும்விடச் சௌக்கியம், செடிகள் என் கையில் அகப்பட்டும் பெரும்பாலும் உயிரோடு இருக்கின்றன. அங்கே நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷனுக்கு எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். காரணம் இருக்கிறது. நான் போனில் பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்கும், வாழ்நாள் முழுக்கப் பள்ளிக்கூட மைதானத்தில் கத்திக் கத்திப் பழகிய டிரில் மாஸ்டர் தொண்டை இது, ரகசியம் பேச வராது. சொல்லப்போகிற விஷயமோ அம்மா காதில் விழக்கூடாதது, அவள் பக்கத்து அறையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன். கையெழுத்து கோழிக் கிறுக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள், இப்போது அதற்கு நியாயமான காரணம் உண்டு, சகவாச தோஷம்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைப்பதற்கு முன்னால் குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டாய். "அம்மாவுக்கு என் மேல கோபமாப்பா? அந்த நெலமையில விட்டுட்டு வந்துட்டேன்னு நெனைக்கிறாங்களா? ஏன் போன் பக்கமே வர மாட்டேங்கிறாங்க?" என்றாய். நான் என்ன செய்தேன், "அதெல்லாம் ஒண்ணுமில்ல, அங்க மழையா?" என்று பேச்சை மாற்றினேன். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போனபோது நீ ஓடி வந்து ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்தாய், லீவு முடிந்ததும் அழுதுகொண்டே திரும்பிப் போனாய். அதற்குப் பிறகு கை கொஞ்சம் திரும்பி வந்தது, நடை திரும்பி வந்தது, பேச்சு மட்டும் வாசல்வரை வந்துவிட்டு உள்ளே வர யோசித்துக்கொண்டு நின்றது. நீ கூப்பிடும்போதெல்லாம் நான் போனை நீட்டுவேன், அவள் தலையை ஆட்டி மறுத்துவிடுவாள். நீ கேட்ட கேள்விக்குப் பதில் எனக்கு இப்போது தெரியும். ஆனால் கையைக் காலை உதறாமல் எந்த ஓட்டத்தையும் தொடங்காதவன் நான், அதனால் செடி கொடி கோழி எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் பதிலுக்கு வருவேன். பொறுமையாகப் படி.

ஹாலில் அம்மா வைத்திருந்த தொட்டிச்செடிகள் உனக்கு நினைவிருக்கும். ஒன்று அலமாரி மேலே, ஒன்று கதவு மூலையில், ஒன்று டிவிக்குப் பக்கத்தில் என்று ஆளுக்கொரு திசையில் இருக்கும். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. முதல் நாள் பார்த்தேன், என் கண்ணுக்கு அது ஒழுங்கில்லாத வகுப்பாகத்தான் தெரிந்தது. உடனே எல்லாத் தொட்டிகளையும் தூக்கி வந்து, ஜன்னலுக்கு முன்னால், காலை அசெம்பிளிக்குப் பிள்ளைகளை நிறுத்துவதுபோல உயர வரிசையில் நிறுத்தினேன். குட்டை முன்னால், நெட்டை பின்னால். முன் வரிசையில் ஃபெர்ன், கடைசி வரிசையில் மணி பிளான்ட். என்ன அழகு, என்ன ஒழுங்கு என்று நானே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மெச்சிக்கொண்டேன். சோபாவிலிருந்து அம்மா இடது கையை நீட்டி "அந்த... அந்த..." என்றாள். நான் ஓடிப்போய் "தண்ணியா? ஃபேனா? டிவி போடணுமா? கால் வலிக்குதா?" என்று அடுக்கினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். களைப்பு போலிருக்கிறது என்று நினைத்துப் போர்வையை வேறு போர்த்திவிட்டேன். ஒரு வாரத்தில் ஃபெர்ன் வெயிலில் கருகிச் சருகாகிவிட்டது. நிழலில் இருக்க வேண்டிய செடியாம் அது. அம்மா சொல்ல வந்தது அதைத்தான். நான் அவளுக்குப் போர்வை போர்த்தினேன், போர்த்தியிருக்க வேண்டியது ஃபெர்னுக்கு.

அத்தோடு நிறுத்தினேனா, இல்லை. வீட்டுக்குள் மானம் போனது போதாதென்று கொல்லைப்புறத்தில் காய்கறித் தோட்டம் போட்டேன். பாத்தி கோணக்கூடாது என்பதற்காக, மைதானத்தில் ஓட்டப் பாதை போடுவோமே, அதே சுண்ணாம்புப் பொடியை எடுத்துத் தரையில் நேர்கோடு நேர்கோடாகப் போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் தக்காளி நட்டேன். மழைக்குக் கோடு அழிந்தால் மறுநாள் காலையில் மறுபடியும் போட்டேன். தக்காளி இலை வெளுத்து மஞ்சளாகி, பரீட்சை எழுதப்போகிற பிள்ளை முகம் மாதிரி ஆனது. நாற்று விற்கிற நர்சரிக்காரர் வந்து பார்த்துவிட்டு "மாஸ்டர், இது தோட்டமா ரன்னிங் ரேஸா? எந்தச் செடி ஃபர்ஸ்ட்டு?" என்று கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மண்ணில் சுண்ணாம்பு ஏறிவிட்டது என்று ஏதோ பொடி கொடுத்தார், அதுவும் பலிக்கவில்லை, இப்போது நாங்கள் இருவருமே அந்தப் பேச்சை எடுப்பதில்லை. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, சுண்ணாம்பு எட்டாத வேலியோரத்தில் நான் நடாமலே முளைத்த ஒரு தக்காளிச் செடி காய்த்துத் தள்ளுகிறது. என் கை படாததுதான் அதன் அதிர்ஷ்டம் என்று நினைக்கிறேன்.

கோழி வந்த கதைக்கு வருகிறேன். என்னோடு வேலை பார்த்த கணக்கு வாத்தியார் மாடிக் குடியிருப்புக்கு வீடு மாறினார், அங்கே கோழி வளர்க்க இடமில்லை என்று தன் நான்கு கோழிகளையும் கூண்டோடு என் தலையில் கட்டிவிட்டுப் போனார். நானும் மறுக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், ரிட்டயர் ஆனதிலிருந்து என் பேச்சைக் கேட்க ஒரு ஜீவன் இல்லாமல் வாய் துருப்பிடித்துக் கிடந்தது. தீவனம் போடுவதற்கு முன்னால் ஒரு விசில் ஊதினேன். விசில், தீவனம், விசில், தீவனம். சில நாளிலேயே விசில் சத்தம் கேட்டால் எங்கிருந்தாலும் இறக்கையை விரித்துக்கொண்டு ஓடி வந்து என் முன்னால் நின்றன. பாப்பா, எத்தனை வருஷம் எத்தனை பிள்ளைகளை மேய்த்திருக்கிறேன், ஒருவன்கூட இப்படி வந்ததில்லை. முதலில் ஓடி வரும் வெள்ளைக் கோழிக்குக் கேப்டன் என்று பேர் வைத்தேன். ஒரே மாதிரி இருக்கும் இரண்டுக்கும் இரட்டையர். எப்போதும் கடைசியில், எதையோ மறந்துவிட்டு வருவது போல நின்று நின்று வரும் பழுப்புக் கோழிக்கு லேட்டம்மா. லேட்டம்மா வருவதற்குள் மற்றவை தீவனத்தைக் காலி செய்துவிடும். அதனால் அம்மா கொல்லைக் கதவோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, மடியில் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் கோதுமையை ஒதுக்கி வைத்து, அதற்கு மட்டும் இடது கையால் தனியாக ஊட்டுவாள். ஒழுங்கு கெட்டுவிடும் என்று நான் முணுமுணுத்தேன். யாரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை.

இதற்கு நடுவில் அம்மாவுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரம்மா வாரம் ஒரு தடவை வந்துபோய்க்கொண்டிருந்தார். படம் காட்டி இது என்ன, அது என்ன என்று சொல்ல வைக்க வேண்டும். மற்ற நாட்களில் வீட்டில் நான் செய்ய வேண்டும். நான் எப்படிச் செய்திருப்பேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. படத்தைத் தூக்கிப் பிடித்து "ரெடி, ஸ்டார்ட்" என்றேன். அவள் உதட்டை அசைப்பதற்குள் "சா... சாவி! சொல்லு, சாவி! ஒன் மோர் டைம்!" என்றேன். மின்சாரக் கட்டணம் வாங்கும் கவுன்டரில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து ஒற்றைப் பார்வையில் ஒரு வரிசையையே நேராக்கியவள் அவள், எனக்கு அதற்கு விசில் தேவைப்பட்டது. அப்பேர்ப்பட்டவளை ஒன்றாம் வகுப்புப் பிள்ளையாக்கி மிரட்டிக்கொண்டிருந்தேன். அவள் படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். டாக்டரம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு "சார், அவங்களுக்கு வார்த்தை தெரியும், எடுத்துட்டு வர நேரம் ஆகுது, அவ்வளவுதான். நீங்க கோச் இல்ல சார், கேலரில உட்காருங்க, வாயைத் திறக்காம உட்காருங்க" என்றார். வாயைத் திறக்காமல் இருப்பது எப்படி என்று எனக்கு யாரும் பயிற்சி கொடுத்ததில்லையே, பாப்பா. கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன், அவள் "த... த..." என்பாள், என் வாயிலிருந்து "தலையணை!" என்று தானாக விழுந்துவிடும். அவள் கேட்க வந்தது தக்காளியாக இருக்கும்.

ஒரு நாள் காலையில் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், ஜன்னலுக்கு வெளியே யாரோ பேசுவது கேட்டது. எட்டிப் பார்த்தால் அம்மாவும் லேட்டம்மாவும்தான். அவள் உள்ளங்கையில் கோதுமையை மூடி வைத்துக்கொண்டு, கோழியைப் பார்த்து "இவரு..." என்றாள். கோழி கையைப் பார்த்தபடி நின்றது. நெடுநேரம் கழித்து "ஃபெர்ன..." என்றாள். கோழி தலையைச் சாய்த்தது. "கொன்னுட்டாரு" என்றாள். சொல்லி முடித்துவிட்டுக் கையைத் திறந்தாள். பாப்பா, என் மேல் கொலைக்குற்றம் சாட்டப்படுகிறது, நான் கழுவிய டம்ளரையே கழுவிக்கொண்டு கண்ணில் தண்ணீர் வழிய நின்றேன். நோய் வந்தபிறகு அவள் வாயிலிருந்து முழுசாக ஒரு வாக்கியம் அன்றுதான் கேட்டேன். ஏன் என்னிடம் வரவில்லை, கோழியிடம் வந்தது என்று யோசித்தால் வெட்கக்கேடுதான். கோழி நடுவில் பேசவில்லை. தலையணையா தக்காளியா என்று கேட்கவில்லை. கோதுமைக்காகத்தான் என்றாலும், அது காத்திருந்தது. இதைப் புரிந்துகொண்ட பிறகாவது நான் சும்மா இருந்திருக்கலாம். ஈரக்கையோடு வெளியே பாய்ந்து "என்ன சொன்னே? இன்னொரு தடவை சொல்லு! சத்தமா!" என்று கத்தினேன். கோழி ஒரு பக்கம் பறந்தது, அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். உன் அப்பன் திருந்துகிற ஜென்மமா?

அடுத்துத்தான் மானம் கப்பலேறிய கதை. நம் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூட மைதானம் என்பது உனக்குத் தெரியும். லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தார்கள், என் இடத்துக்கு வந்திருக்கிற சின்னப் பெண், நல்ல சுறுசுறுப்பான டிரில் டீச்சர், தொடர் ஓட்டப் பயிற்சிக்கு விசில் ஊதினாள். அவ்வளவுதான். சுவரோரமாக உரத்துக்கென்று நான் குவித்து வைத்திருந்த குப்பைமேட்டில் ஏறி, என்னமோ நான் அவற்றுக்காகவே படிக்கட்டு கட்டிக் கொடுத்ததுபோல, கேப்டன் முன்னால் செல்ல நான்கும் சுவரைத் தாண்டி மைதானத்துக்குள் இறங்கிவிட்டன. பிள்ளைகள் ஓட, நடுவில் கோழிகள் ஓட, ஒரே கூச்சல். நான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சுற்றி ஓடி, கோழிகளைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்ற ஒரே நினைப்பில் என் விசிலை எடுத்து ஊதினேன். அடுத்த ஓட்டத்துக்குத் தயாராகக் கோட்டில் குனிந்து நின்ற பிள்ளைகள் எல்லாரும் சீறிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். முன்னால் ஓடியவர்கள் ஒன்றும் புரியாமல் நின்றுவிட்டார்கள். ஒருவர்மேல் ஒருவர் மோதினார்கள். அந்தப் பெண் பதறி ஒரு விசில் ஊத, என்னிடம் வந்துகொண்டிருந்த கோழிகள் அவளிடம் ஓட, நான் மறுபடி ஊத, அவை பாதி வழியில் யாரிடம் போவது என்று பேந்தப் பேந்த விழித்தன. "சார், ப்ளீஸ் சார், ஊதினது நீங்களா நானான்னு பசங்களுக்கும் தெரியல, கோழிக்கும் தெரியல சார்" என்று அழாக்குறையாகச் சொன்னாள். நான் பயிற்சி கொடுத்த கோழிகள் என்று அந்த நிலைமையிலும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாக இருந்தது, அதை அவளிடம் சொல்லவில்லை.

இது மேலும் இரண்டு தடவை நடந்தது. தலைமையாசிரியை ஆள் அனுப்பினார். "மாஸ்டர் மேல எங்களுக்கு மரியாதை உண்டு. ஆனா இன்னொரு தடவை கோழி கிரவுண்டுக்குள்ள வந்தா, யாருக்காவது குடுத்துடச் சொல்லுங்க" என்று செய்தி. கோழி போனால் போகட்டும், முட்டை கடையில் கிடைக்கும். வாயைத் திறந்து அவள் பேசிக்கொண்டிருந்த ஒரே துணை போய்விடுமே என்றுதான் கவலை. அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை, ஆனால் செய்தி கொண்டுவந்தவர் வாசலில் நின்று பேசியது அவள் காதில் விழாமல் இருந்திருக்காது. அன்று சாயங்காலம் கோதுமைக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு இருட்டும்வரை கதவோரமே உட்கார்ந்திருந்தாள். நான் குப்பைமேட்டை அள்ளி வேறு பக்கம் கொட்டினேன், சுவருக்கு மேலே வலை கட்டினேன், இடுப்புப் பிடித்துக்கொண்டது. மறுநாள் பார்த்தால் மூன்று கோழிதான் இருக்கிறது. லேட்டம்மாவைக் காணோம். வலை கட்டும்போது அது சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறது. அதாவது வெளியே போகாமல் இருக்க நான் கட்டிய வலை, உள்ளே வரவிடாமல் அதைத் தடுத்திருக்கிறது.

நான் என்ன செய்திருப்பேன் என்று கேட்கவே வேண்டாம், விசிலை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக ஊதிக்கொண்டு போனேன். ஒரு ஸ்கூட்டர்காரர் போலீஸ் என்று நினைத்து ஓரம் கட்டி ஹெல்மெட்டைத் தேடினார். தையல்கடைக்காரர் எட்டிப் பார்த்து "மாஸ்டர், ரிட்டயர் ஆனது மறந்துபோச்சா?" என்றார். கோழி மட்டும் வரவில்லை. அசடு வழியத் திரும்பி வந்தால், வீட்டு வாசலில் அந்த டிரில் டீச்சர் பெண் மூச்சு வாங்க நிற்கிறாள். "சார், உங்க கோழி எங்க ஸ்போர்ட்ஸ் ரூம்ல இருக்கு. பழைய டென்னிஸ் பந்துக் கூடையில ஏறி அடைக்கு உட்கார்ந்திருக்கு, கிட்ட போனா கொத்துது. மேடத்துக்குத் தெரியறதுக்குள்ள வந்து எடுத்துட்டுப் போயிடுங்க" என்றாள். நான் கிளம்பினேன். பின்னால் டக் டக்கென்று சத்தம். திரும்பினால் உன் அம்மா கைத்தடியோடு வாசற்படி இறங்கிக்கொண்டிருக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்முதல் கேட்டைத் தாண்டாதவள். கோணின வாயை யாராவது பார்ப்பார்களே, ஏதாவது கேட்டால் பதில் வராதே என்று வீட்டுக்குள்ளேயே கிடந்தவள். நீ எதுக்கு, வெயில், விழுந்துடுவே, நான் பாத்துக்கறேன் என்று நான் அடுக்கியதையெல்லாம் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் என்னைத் தாண்டி நடந்தாள்.

ஸ்போர்ட்ஸ் ரூம் வாசலில் பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். உள்ளே கூடை நிறைய நிறம்போன பந்துகள், அதன்மேல் லேட்டம்மா இறக்கையைப் பரப்பி, சிறகைச் சிலிர்த்துக்கொண்டு, இந்த உலகத்தில் தனக்கு முக்கியமான வேலை இது ஒன்றுதான் என்பதுபோல உட்கார்ந்திருந்தது. என் அனுபவத்தைக் காட்ட வேண்டாமா, நான் விசில் ஊதினேன். அது இமைகூட அசைக்கவில்லை. கொஞ்சம் பலமாக ஊதினேன். வாசலில் நின்ற பிள்ளைகள் பழக்கத்தில் அட்டென்ஷனில் நின்றார்கள், கோழி நிற்கவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு மூன்றாவது தடவைக்கு விசிலை வாயில் வைத்தேன். "ஊதாதீங்க!" என்று ஒரு குரல். உன் அம்மாதான் பாப்பா. திக்கவில்லை, இழுக்கவில்லை, கவுன்டர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வருமே, அதே குரல். "காதே... போச்சு. தள்ளிப் போங்க" என்று சொல்லிவிட்டு, தடியை என் கையில் கொடுத்துவிட்டு, மெதுவாகக் குனிந்து இடது கையைக் கோழிக்கு அடியில் விட்டாள். கொத்திவிடுமே என்று பயந்தேன். அது கொத்தவில்லை. பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்குத்தான் கையில் தடியும் வாயில் விசிலும் இருந்ததால் தட்ட முடியவில்லை, நின்ற இடத்தில் தேம்பினேன், விசிலுக்குள் அழுதால் என்ன சத்தம் வரும் என்று அன்று எல்லாருக்கும் தெரிந்தது. தலைமையாசிரியை மாடி வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், பெரிய மனசு பண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பெண் "கூடையையும் எடுத்துட்டுப் போங்கம்மா, பழைய பந்துதான்" என்றாள். வீட்டுக்கு வந்ததும் அம்மா என் முன்னால் உள்ளங்கையை நீட்டினாள். விசிலைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

டாக்டரம்மாவிடம் சொன்னபோது சிரித்துவிட்டு "திட்டு முதல்ல வரும் சார், அது ரொம்ப நல்ல அறிகுறி" என்றார். அப்படிப் பார்த்தால் உன் அம்மா வேகமாகத் தேறி வருகிறாள், நாளுக்கு நாள் எனக்கு அறிகுறிகள் கூடிக்கொண்டே போகின்றன. லேட்டம்மா இப்போது உன் அறையில் ஜன்னலோரம் டென்னிஸ் பந்துகளை அடைகாத்துக்கொண்டிருக்கிறது. ஒன்றும் பொரியாது என்று எங்களுக்குத் தெரியும், அதனிடம் அதைச் சொல்ல அம்மா அனுமதிக்கவில்லை. உன் கட்டில்மேல் பழைய சாக்கு விரித்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மற்ற மூன்றும் பள்ளிக்கூட விசிலுக்கு இன்னும் தலையைத் தூக்குகின்றன, வலை இருப்பதால் உயிர் பிழைத்தேன். தீவன நேரத்தில் அம்மா கூப்பிடுகிறாள். முன்போல அணிவகுத்து வருவதில்லை, இஷ்டப்பட்டபோது வருகின்றன. தொட்டிச்செடிகளையும் அவள் விரலை நீட்டிச் சொல்லும் இடத்தில் வைத்துவிட்டேன். ஃபெர்னுக்குப் பதில் வேறு ஒரு ஃபெர்ன் வாங்கி வந்திருக்கிறேன், அதைத் தொட எனக்கு உத்தரவில்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நேற்றுக் காலையில் இரண்டு பேருக்கும் டீ போட்டுக்கொண்டு போய்க் கொல்லைப்படியில் உட்கார்ந்தேன். "பாப்பா போன் பண்ணா ஏன் பேச மாட்டேங்கிறே, கோபமா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு, என் வாழ்க்கையில் முதல்முறையாக, வாயை மூடிக்கொண்டேன். டீ ஆறிப்போய் ஆடை படிந்தது. என் நாக்கு நுனியில் எத்தனை பதில் வந்து நின்றது தெரியுமா, ஒவ்வொன்றாக விழுங்கினேன். கடைசியில் அவள் சொன்னாள். "கோபம்... இல்ல." மறுபடி வெகுநேரம். "வெக்கம்." கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. "நான்... யோசிக்கறதுக்குள்ள... ஹலோ ஹலோன்னு... கத்துது. அப்புறம்... அழுவுது. என்னால... அது அழக் கூடாது" என்றாள். அன்றைக்கு நீ ஊருக்குப் போய்ச் சேர்ந்து முதல் தடவை கூப்பிட்டபோது அவள் போனைக் காதில் வைத்து "பா..." என்று ஆரம்பித்தாள், நினைவிருக்கிறதா? நீ பதறிப்போய் "ஹலோ, ஹலோ, அம்மா சாப்டியாம்மா, மாத்திரை போட்டியா, தூக்கம் வருதா, சரிம்மா சரிம்மா கஷ்டப்படாத, அப்பாகிட்ட குடு" என்று அழுதாய். பாசத்தில்தான் சொன்னாய். அவள் போனை என்னிடம் கொடுத்தாள், அதற்குப் பிறகு வாங்கவே இல்லை. உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, கண்ணு. நீ என் மகள், இந்த அவசரத்தை நான்தான் உனக்குச் சீதனமாகக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். ஒருத்தர் வார்த்தையைத் தேடிக்கொண்டிருக்கும்போது நாம் இருவரும் கூடை நிறைய வார்த்தையைக் கொண்டுபோய்க் கொட்டுகிறோம், அவர்கள் தேடியதும் அதற்கடியில் புதைந்துபோகிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு, அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிடும், நீ கூப்பிட வேண்டாம், போன் இங்கிருந்து வரும். எண்ணை நான் போட்டுக் கொடுப்பேன், பிறகு தோட்டத்துக்குப் போய்விடுவேன், கதவைச் சாத்திக்கொண்டு. அவளாகவே கேட்டது இது. எடுத்ததும் ஒரு முறை "அம்மா" என்று சொல், போதும். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இருக்காது. லைன் போய்விட்டது என்று நினைத்து ஹலோ சொல்லாதே. மூச்சு கேட்கும், அதைக் கேட்டுக்கொண்டிரு. பாதி வார்த்தை வந்து நிற்கும், மீதியை நீ சொல்லாதே. அழுகை வந்தால் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு அழு. மாப்பிள்ளையையும் பக்கத்தில் நின்று ஜாடை காட்டாமல் இருக்கச் சொல்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசீர்வாதம். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் முடிய விட்டு, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். குளிர்க்காற்றில் காதைக் கட்டிக்கொண்டு வெளியே போ. நீ அங்கே ஜன்னலில் வைத்திருக்கும் செடிக்குத் தண்ணீர் அளவாக ஊற்று, என் யோசனை எதையும் கேட்காதே.

அவள் உன்னிடம் சொல்ல வேண்டியதை இப்போதே ஒத்திகை பார்க்க ஆரம்பித்துவிட்டாள். தினமும் காலையில் உன் அறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துக்கொண்டு லேட்டம்மாவிடம் சொல்லிப் பார்க்கிறாள். நான் வெளியே நின்று ஒட்டுக் கேட்டுவிட்டேன். சின்ன வாக்கியம்தான், முழுசாக எனக்குத் தெரியும். இதோ இந்த வரியில் எழுதிவிடலாம், கை பரபரக்கிறது. எழுத மாட்டேன், பாப்பா. அவளே சொல்லட்டும்.

இப்படிக்கு,
வாயை மூடிக்கொண்டு இருக்கப் பழகிவரும்
உன் அப்பா